நெட்டுக்கார வூடு

"அண்ணே, இதுக்குக் கீழ எதனா ஒயரு போவுதா?" என்று ஜேசிபியை ஓட்டிக்கொண்டிருந்த டிரைவர் வண்டிக்குள்ளிருந்தபடியே சத்தம்போட்டுக் கேட்டான்.

பழமலைநாதன் ஏணியின் மேல் நின்றுகொண்டிருந்தான். வைக்கோல் ஏற்றிப்போன லாரி விடியற்காலையில் அறுத்துவிட்டுப் போன ஒயரை இழுத்துப் பிடித்துக் கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தான். கீழே பச்சமுத்து ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். செராமிக் தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கிற காலனிக்கு மழைத்தண்ணீர் வடிகால் கட்டுவதற்காக நகராட்சியில் பள்ளம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று காண்ட்ராக்டர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். புரட்டாசி மாதத்து வெயில் காலையிலேயே சுள்ளென்று அடித்தது.

"ஒங்களத்தாண்ணே கேக்குறன். நீங்கதான இந்தப் பக்கத்து நெட்டுக்காரரு? ஒங்களுக்குத் தெரியாம இங்க என்னா இருக்கப்போவுது? எதனா போவுதா, இல்ல நோண்டட்டுமா?"

கீழே போகிறது என்று பழமலைநாதனுக்குத் தெரியும். பெரிய கம்பெனிக்காரர்கள் இதே ரோட்டோரத்தில் பள்ளம் எடுத்துக் குழாய் புதைத்தபோது எதிர் டீக்கடையில் உட்கார்ந்து முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். எந்த வீட்டு வாசலில் திரும்புகிறது, எந்தப் புளிய மரத்துக்குக் கீழே குறுக்கே போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். அடையாளத்துக்கு அவர்கள் நட்டுவைத்திருந்த கல், குப்பைக்குள் சாய்ந்து கிடந்தது.

"ஒண்ணும் போவல. நோண்டு" என்றான்.

ஏணியைப் பிடித்திருந்த பச்சமுத்து தலையைத் தூக்கிப் பார்த்தான். பழமலைநாதன் அவனைப் பார்க்காமல் ஒயரைக் கட்டுவதிலேயே இருந்தான். ஜேசிபியின் கை மண்ணுக்குள் இறங்கியது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை. சேற்றோடு சேர்ந்து ஆரஞ்சு நிறக் குழாயின் துண்டு ஒன்று மேலே வந்து விழுந்தது. அதன் மேலேயே அடுத்து அள்ளிய மண் விழுந்தது.

வண்டியில் ஏணியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பும்போது பச்சமுத்து கேட்டான்.

"எதுக்குண்ணே அப்பிடிச் சொன்ன?"

"எப்பிடிச் சொன்னன்?"

"கீழ ஒண்ணும் போவலன்னு."

"மறந்துட்டன்டா."

"நீ மறக்குற ஆளாண்ணே?"

"ரோட்டப் பாத்து வண்டிய ஓட்டு."

அதற்கு மேல் பச்சமுத்து கேட்கவில்லை. கேபிள் டிவி காலத்திலிருந்து பழமலைநாதனிடம் வேலை செய்கிறவன் அவன். அப்போது அவனோடு இன்னும் நான்கு ஆட்கள் இருந்தார்கள். இப்போது அவன் ஒருவன்தான் மிச்சம்.

விருத்தாசலத்தில் 'மணிமுத்தா நெட்' என்றால் ஒரு காலத்தில் தெரியாதவர்கள் கிடையாது. டிவி கேபிளோடு சேர்த்து இண்டர்நெட்டும் கொடுக்கலாம் என்று பழமலைநாதன் ஆரம்பித்தபோது ஊரில் வேறு ஆளில்லை. ஊரடங்கு வந்து பள்ளிக்கூடம், காலேஜ் எல்லாம் போனுக்குள் போனபோது, அவன் கம்பத்துக்குக் கம்பம் ஏறி இறங்கினான். காசு கொடுக்க முடியாத வீட்டுக்கும் லைன் கொடுத்தான். "புள்ளைவோ படிக்கட்டும், அப்பறமா பாத்துக்கலாம்" என்று சொன்னான். தெருவில் போனால் ஜனங்கள் கூப்பிட்டு டீ வாங்கிக்கொடுத்தார்கள்.

பிறகு பெரிய கம்பெனி வந்தது. பாலக்கரையில் பந்தல் போட்டு, பாட்டுப் போட்டு, டீ ஷர்ட் போட்ட பையன்கள் வீடு வீடாகப் போனார்கள். மோடம் இலவசம், மாட்டுவது இலவசம், படம் பார்ப்பது இலவசம் என்றார்கள். பழமலைநாதன் வாங்குகிற விலையைவிடக் குறைவாக அவர்கள் விற்றார்கள். பூமிக்கு அடியில் போகிற லைன் என்பதால் லாரி அறுக்காது, அணில் கடிக்காது. ஜனங்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஆள் குறைந்ததால் பழமலைநாதனால் ஒரு வீட்டில் ரிப்பேர் என்றால் உடனே போக முடியவில்லை. போக முடியாததால் இன்னும் நான்கு வீடு போனது. போனவர்கள் எதிரில் பார்த்தால் வேறு சந்தில் திரும்பினார்கள். திரும்பாதவர்களைப் பார்த்து அவனுடைய பெண்டாட்டி சிவசங்கரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சிவசங்கரிதான் ஆபீஸ். வீட்டின் முன்னறையில் மிஷின்களின் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். கம்ப்ளெய்ண்ட் போன் எப்போதும் அவளுடைய கையில்தான் இருக்கும். கடைக்குப் போனாலும், பூ வாங்கப் போனாலும் அதோடுதான் போவாள். "மோடத்துல செவப்பு லைட்டு எரியுதுங்களா? சுவிட்ச அமத்திட்டுப் போடுங்க. நேத்தும் அதத்தான் சொன்னனா? இன்னிக்கும் அதத்தாங்க செய்யணும்" என்று அலுக்காமல் சொல்லுவாள். கொஞ்ச நாளாக அந்தப் போன், லைன் வேண்டாம் என்று சொல்லுகிறவர்களிடமிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு அந்தப் போன் வேறு மாதிரி அடித்தது.

மத்தியானம் சாப்பிட வந்த பழமலைநாதனுக்குச் சோறு போட்டபடியே சிவசங்கரி சொன்னாள். "சங்கதி தெரியுமா? காலையிலேர்ந்து காலனி பூராவும் அவனுவோ லைன் இல்லியாம். போனுல டவரும் இல்லியாம். இந்தப் பக்கம் வந்து நின்னுதான் ஒவ்வொருத்தரும் பேசுறாங்க, பேச்சுதான் வருதாம், நெட்டு வரலியாம். 'அக்கா, பழைய லைனே குடுத்துடுங்க'ன்னு கெஞ்சுறாங்க. நான் எல்லார் பேரையும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டன். இப்பத் தெரியுதான்னு கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேக்கல."

"டவருமா இல்ல?"

"அந்த ஒயருலதான் டவருக்கும் போவுதாம். பச்சமுத்து சொன்னான். எவனோ பள்ளம் நோண்டுறவன் அறுத்துட்டானாம். மவராசன், நல்லா இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமா? மொச்சக்கொட்ட போட்டு வச்சன், ஒங்களுக்குப் புடிக்கும்னு."

டவருக்கும் அதில்தான் போகிறது என்று பழமலைநாதனுக்குத் தெரியாது. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். சிவசங்கரி இவ்வளவு பேசிப் பல மாதம் ஆகிவிட்டிருந்தது. அவளுடைய முகத்தைப் பார்க்கும்போது சந்தோசமாகத்தான் இருந்தது. ஒரு வாய்கூட எடுத்துவைக்காமல் கை கழுவினான்.

பெரிய கம்பெனிக்குக் கடலூரிலிருந்து ஆள் வந்து லைனைச் சரிசெய்ய மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. அதற்குள் பழமலைநாதனும் பச்சமுத்துவும் காலனியில் வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தார்கள். நவராத்திரிக்குப் பொம்மை அனுப்புகிற சமயம் என்பதால் தொழிற்பேட்டையில் சூளைகள் அணையாமல் எரிந்துகொண்டிருந்தன. காலனி முழுக்க வெள்ளைக் களிமண் வாசனையும் புகை வாசனையும் கலந்து அடித்தது. வாசல்களில் பலகை போட்டு, அச்சிலிருந்து எடுத்த சுடாத பச்சைப் பொம்மைகளைக் காயவைத்திருந்தார்கள்.

கடைசியாக வந்த போன் திரௌபதியுடையது.

அவள் போன் செய்தாள் என்று சிவசங்கரி சொன்னபோதே பழமலைநாதனுக்கு என்னவோபோல இருந்தது. தொழிற்பேட்டையில் பொம்மை கம்பெனியில் வேலை செய்கிறவள் திரௌபதி. புருசன் லாரிக்குப் போகிறவன், மாதத்துக்கு ஒருமுறை வந்தால் பெரிது. அவளுடைய மகள் கனிமொழி ஊரடங்கில் நர்சிங் படித்தது பழமலைநாதன் கொடுத்த லைனில்தான். போன மழைக்காலத்தில் அடிக்கடி லைன் போய்க்கொண்டே இருந்ததால் அவர்களும் பெரிய கம்பெனிக்கு மாறிவிட்டிருந்தார்கள்.

வாசலில் உட்கார்ந்து ஒரு குதிரைப் பொம்மையின் ஓரத்தைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்த திரௌபதி, பழமலைநாதனைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். கையிலிருந்த மண்ணைப் புடவையில் துடைத்தாள்.

"வாண்ணே. நீ வருவியோ மாட்டியோன்னு நெனச்சன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஒன்னியக் கூப்புடுறதுன்னு ரெண்டு தரம் போன எடுத்து எடுத்து வச்சன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல திரௌபதி. மோடம் எங்க வைக்கணும்?"

"நீ ஒண்ணுமில்லங்குற. எனக்குத்தான் மனசு கேக்கல. சோறு தண்ணி இல்லாம ஊரே கெடந்தப்ப எம்மொவளுக்கு லைன் குடுத்தவன் நீ. காசுன்னு ஒரு வார்த்த கேட்டது இல்ல. அந்த நன்றியெல்லாம் மறந்துட்டு, சும்மாக் குடுக்குறான்னு அவங்கிட்டப் போனன் பாரு, அதான் சாமி எனக்கு நல்லாக் காட்டிடுச்சி."

"என்னா காட்டிடுச்சி?"

திரௌபதி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "ஒனக்குத் தெரியாதா? பாப்பாவுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரி வேல. ஓமன்ல. கடலூர்ல இருக்குற ஏஜென்சி மூலமா எழுதிப்போட்டு, பரிச்சயெல்லாம் எழுதி, எல்லாத்துலயும் பாசாயிடுச்சி. கடசியா மூஞ்சியப் பாத்துப் பேசுறது ஒண்ணுதான் பாக்கி. நேத்துக் காலையில பதினொரு மணிக்கு. நான் வேலைக்குப் போவல. சாமி கும்புட்டு, பின்னால செவுத்துல நல்ல துணியாக் கட்டி, புள்ளைக்குத் தல சீவிவுட்டு ஒக்கார வச்சன். பத்து மணிக்கு மின்னாடியே லைன் போயிடுச்சி. போனுலயும் ஒண்ணுமில்ல. வூட்டுல இருக்குற ரெண்டு சிம்மும் அவனோடதுதான். புள்ள போன வச்சிக்கிட்டு மாடிக்கு ஓடுது, ரோட்டுக்கு ஓடுது, எங்கியும் நெட்டு வரல. கடசியில ஆட்டோவப் புடிச்சி கடத்தெருவுல இருக்குற கம்ப்யூட்டர் கடைக்குப் போயிருக்கு. அங்க சனம். எடம் கெடச்சி ஒக்காந்தப்ப, நேரம் முடிஞ்சிப்போச்சி, அடுத்த ஆளக் கூப்புட்டாச்சின்னுட்டாங்களாம். வந்ததுலேர்ந்து பேசல. இங்க ஆஸ்பத்திரி டூட்டிக்கும் போவல."

பழமலைநாதன் கையில் இருந்த மோடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பச்சமுத்து வாசலை விட்டு இறங்கி ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டான்.

"ஒன்னிய வுட்டுட்டுப் போனதுக்குத்தாண்ணே இது. நான் செஞ்ச துரோகத்துக்கு எம்மொவளுக்கு விழுந்துடிச்சி" என்று சொல்லி திரௌபதி கண்ணைத் துடைத்தாள். கையில் மிச்சமிருந்த வெள்ளை மண் கன்னத்தில் ஒட்டியது. "நீ எதயும் மனசுல வச்சிக்காத."

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "மனசுல என்னா இருக்கு? வுடு" என்றுதான் சொன்னான். சொன்ன பிறகு அவனுக்கே அருவருப்பாக இருந்தது. மன்னிப்புக் கேட்கிறவளை மன்னித்துவிட்டவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

மோடத்தை மாட்டுவதற்காக உள்ளே போனான். கனிமொழி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். யாரோ வருகிற சத்தம் கேட்டும் திரும்பவில்லை. பின்னால் கட்டிய நீலத் துணியை இன்னும் அவிழ்க்கவில்லை. பச்சை விளக்கு எரிந்ததும், "லைன் வந்துடுச்சும்மா" என்றான். அவள் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் சிவசங்கரியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஜேசிபி டிரைவர் கேட்டதையும் தான் சொன்னதையும் கேட்டபோது அவள் முறத்தை நிறுத்தவில்லை.

"இதுக்கா இப்பிடி மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கிட்டுத் திரியிறீங்க? நீங்களா நோண்டுனீங்க? அவன் நோண்டுனான். கேக்கணும்னா கம்பெனிக்காரன்கிட்ட கேக்கணும், நகராட்சியில கேக்கணும். ரோட்டுல ஏணி மேல நிக்கிறவங்கிட்ட கேட்டா எவன் பொறுப்பு?"

"எங்கிட்டத்தான கேட்டான்? இல்லன்னு சொன்னன்ல?"

"சொன்னா என்னா? நம்ப ஒயர எத்தினி தரம் அறுத்துருக்கானுவோ? அவனுவோ குழி எடுத்தப்ப நம்ப கம்பத்தச் சாய்ச்சிட்டுப் போனானுவோளே, வந்து ஒரு வார்த்த கேட்டானுவளா? நாலு பேரு நம்பகிட்ட வேல செஞ்சானுவோ, இப்ப எங்க இருக்கானுவோ? நம்ப குடியே கெட்டுப்போச்சி. ஒரு நாளு அவனுக்கு லைன் போனா என்னா?"

"அவனுக்கு என்னாப் போச்சி? அவனுக்கு ஒண்ணும் போவல. திரௌபதி மொவளுக்கு வெளிநாட்டு வேல போயிடுச்சி."

முறம் நின்றது.

"யாருக்கு? கனிமொழிக்கா?"

"ம்."

"எப்ப?"

"லைன் போன அன்னிக்குத்தான். பதினொரு மணிக்காம் இண்டர்வியூ. எங்கெங்கியோ ஓடியிருக்கு அந்தப் புள்ள."

சிவசங்கரி ரொம்ப நேரம் அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, புடைக்காத அரிசியையும் சேர்த்தே பானைக்குள் கொட்டினாள்.

"இதப் போயி யாருகிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க" என்றாள். "திரௌபதிகிட்ட சொல்லவே சொல்லாதீங்க. சொன்னா அந்த வேல வந்துடுமா? ஊருல ஒரு குடும்பம் மூஞ்சியில முழிக்காது. வந்த லைனும் போயிடும். போனது போயிடுச்சி. வுட்டுடுங்க."

"வுட முடியலியே."

"முடியலன்னா பல்லக் கடிச்சிக்கிட்டு இருங்க. எனக்கு மட்டும் என்னா?" என்று கத்தினாள். எதற்குக் கத்துகிறாள் என்று அவனுக்குப் புரியவில்லை.

மறுநாள் அவன் யாரிடமும் சொல்லாமல் கடலூருக்கு பஸ் ஏறினான். ஏஜென்சி ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அங்கே இருந்த ஆள், கனிமொழி என்ற பேரைச் சொன்னதும் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "அன்னிக்கு ஆப்சென்ட் சார்" என்றான். "லைன் போயிடுச்சிங்க. அது அந்தப் பொண்ணோட தப்பு இல்ல" என்று பழமலைநாதன் சொன்னான். "எல்லாரும் அதத்தான் சார் சொல்றாங்க. லிஸ்ட் போயிடுச்சி. அடுத்தது எப்ப வருதோ, அப்பப் பார்க்கலாம். முதல்லேருந்து எழுதணும். நீங்க அந்தப் பொண்ணுக்கு என்ன வேணும்?" என்று கேட்டான். பழமலைநாதன் திரும்பி ரோட்டுக்கு வந்துவிட்டான். வருகிற வழியில் நெய்வேலியைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னல் ஷட்டரை இறக்காமல் நனைந்துகொண்டே வந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திட்டிய பிறகுதான் இறக்கினான்.

மழை விட்ட அடுத்த நாள் திரௌபதி வீட்டுக்கே வந்துவிட்டாள். கையில் மஞ்சள் பையும், நெற்றியில் விபூதியுமாக வாசலில் நின்றாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. சிவசங்கரி அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை.

"மணவாளநல்லூர் போயிட்டு வரன்ணே. கொளஞ்சியப்பருகிட்ட பிராது கட்டிட்டு வந்துட்டன்" என்றாள். அநியாயம் நடந்தால் தாளில் எழுதி முருகனிடம் முறையிட்டுக் கட்டிவிட்டு வருவது அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு வழக்கம். போலீசுக்குப் போகாத வழக்குகூட அங்கே போகும்.

"யாரு மேல கட்டுன?" என்று பழமலைநாதன் கேட்டான்.

"அந்தக் கம்பெனிக்காரன் மேலதான். வேற யாரு மேல கட்டுவன்? எம்மொவ வாயில மண்ணு அள்ளிப் போட்டான்னு எழுதுனன். எழுதும்போது ஒன்னிய நெனச்சிக்கிட்டன். விருத்தாசலத்துல பழமலைநாதன்னு ஒரு நல்ல மனுசன் இருக்காரு, அவரு பொழப்பையும் இவன்தான் கெடுத்தான்னு ஒம் பேரையும் சேத்து எழுதிப்போட்டன். நீ போவமாட்ட. ஒனக்கும் சேத்து நான் கேட்டுட்டு வந்துட்டன். துண்ணூறு எடுத்துக்க."

காகிதத்தில் மடித்த விபூதியை நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை.

"என்னாண்ணே? தீட்டா?"

"சாயங்காலம் ஒன் வூட்டுக்கு வரன்" என்றான்.

அவள் விபூதிப் பொட்டலத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். சிவசங்கரி வெளியே வந்து அதை எடுத்தாள். அவனுடைய முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"போவாதீங்க" என்றாள். "நான் சொல்றனே. போவாதீங்க."

அவன் போனான். பச்சமுத்துவும் கூட வந்தான். "நீ எதுக்குடா?" என்று கேட்டதற்கு, "நானும் அங்கதானண்ணே நின்னன். நானாவது அந்த டிரைவருகிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றான். ஆனால் வீட்டு வாசல் வந்ததும் அவனால் மேலே ஏற முடியவில்லை. வண்டியைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே நின்றுகொண்டான்.

திரௌபதி காயவைத்த பொம்மைகளை வீட்டுக்குள் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். கனிமொழி எழுந்து உட்கார்ந்து, தட்டில் போட்ட சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள். கண் உள்ளே போயிருந்தது.

"திரௌபதி, நீ பிராது கட்டுனது தப்பு" என்றான்.

"என்னா தப்பு? அநியாயம் செஞ்சவன் மேலதான கட்டுனன்?"

"அவன் செய்யல. நான் செஞ்சன்."

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னான். டிரைவர் கேட்டதைச் சொன்னான். கீழே லைன் போவது தெரியும் என்று சொன்னான். தெரிந்தேதான் நோண்டச் சொன்னேன் என்று சொன்னான். "இண்டர்வியூ இருக்குன்னு தெரியாது. டவரும் போயிடும்னு தெரியாது" என்று சொல்ல வந்தவன், அதைச் சொல்லாமல் விட்டுவிட்டான்.

திரௌபதி கையில் ஒரு பொம்மையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"வெளயாடுறியாண்ணே?"

"இல்ல."

"ஒன் பேரச் சொல்லி அழுதுட்டு வந்தன். ஒனக்கு நல்லது செய்யணும்னு வேண்டிக்கிட்டு வந்தன்."

"தெரியும்."

"அன்னிக்கு ஒங்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டன். கேட்டுக்கிட்டு நின்னியே. வுடுன்னு சொன்னியே."

திரௌபதி பொம்மையைக் கீழே வைத்துவிட்டு மண்ணில் உட்கார்ந்துகொண்டாள். அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்துக்கொண்டுதான் அவன் வந்திருந்தான். அவள் எதுவும் செய்யவில்லை. அது அவனுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

கனிமொழிதான் பேசினாள். நாலு நாளாகப் பேசாத குரல் கரகரப்பாக இருந்தது.

"மாமா, அன்னிக்கு நான் ஒங்க வூட்டுக்கு வந்திருந்தா லைன் குடுத்திருப்பீங்களா?"

"குடுத்திருப்பன்மா. என்னா கேள்வி இது? நடு வூட்டுல ஒக்கார வச்சிக் குடுத்திருப்பன்."

"நான் வந்தன் மாமா."

அவன் புரியாமல் பார்த்தான்.

"ஆட்டோ புடிக்கிறதுக்கு மின்னாடி மொதல்ல ஒங்க வூட்டுக்குத்தான் ஓடியாந்தன். ஒங்க லைன வுட்டவங்கன்னு வெக்கமா இருந்துச்சு. இருந்தாலும் வந்தன். தெரு மொனையில அத்த பூ வாங்கிக்கிட்டு நின்னாங்க. போனுல யாருகிட்டயோ சிரிச்சிப் பேசிக்கிட்டு இருந்தாங்க. அத்தன்னு கூப்புட்டன். என்னப் பாத்தாங்க. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு அந்தண்ட பாத்து நின்னுக்கிட்டாங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல எனக்குக் கால் வரல."

சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "லைன கழட்டிக்கிட்டுப் போங்க மாமா" என்றாள். "கோவத்துல சொல்லல. அந்தப் பச்ச லைட்டப் பாத்துக்கிட்டு என்னால இங்க ஒக்கார முடியாது."

பழமலைநாதன் மோடத்தைக் கழட்டினான். ஆணியைப் பிடுங்கும்போது சுவரில் காரை கொஞ்சம் பெயர்ந்து விழுந்தது. அதைக் கையாலேயே கூட்டி அள்ளி எடுத்துக்கொண்டான். வாசலில் செருப்பைப் போடும்போது பழக்கதோசத்தில் "போயிட்டு வரன்" என்றான். "வா" என்று யாரும் சொல்லவில்லை.

வழியில் பச்சமுத்து, "என்னாண்ணே சொன்னாங்க?" என்று கேட்டான். "வண்டிய ஓட்டு" என்றான். தெருமுனையில் பூக்கார அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வண்டி அவளைத் தாண்டிப் போகிறவரைக்கும் அவன் தலையைத் தூக்கவில்லை.

சிவசங்கரி விளக்குப் போடாமல் முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். மிஷினின் சின்னச் சின்ன விளக்குகள் மட்டும் எரிந்துகொண்டிருந்தன. அவன் மோடத்தை மேசை மேல் வைத்தான். சட்டையைக் கழட்டி ஆணியில் மாட்டினான். சொம்பிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தான். வருகிற வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்து ஒரு முடிவு செய்திருந்தான். இதில் ஒரு பங்கை அவளுடைய தலையில் எடுத்துவைக்கக் கூடாது என்று.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டன்."

"திரௌபதி என்னா சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. ஒக்காந்துட்டா."

"அந்தப் புள்ள?"

"அதுவும் ஒண்ணும் சொல்லல. லைன் வேணாம்னுடுச்சி."

சிவசங்கரி மடியில் இருந்த போனைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"என்னப் பத்தி ஒண்ணுமே சொல்லலியா?" என்று கேட்டாள்.

அவன் அவளையே பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

"நான் அரிசி பொடைக்கும்போது சொன்னீங்களே, அப்பியே எனக்குத் தெரிஞ்சிபோச்சி" என்றாள். "ஓடிவந்து நின்னுச்சி. மூச்சு வாங்குச்சி. கையில துணிப்பையி இருந்துச்சு. இதுவும் லைன் கேட்டுத்தான் வருது, கொஞ்சம் நிக்கட்டும், கெஞ்சட்டும்னு நெனச்சன். ஒரு நிமிசம்தாங்க திரும்பி நின்னன். பூவ வாங்கிக்கிட்டுப் பாக்குறன், ஆள் இல்ல. சரி போவட்டும்னு வந்துட்டன்."

பழமலைநாதன் ஆணியில் மாட்டிய சட்டையை எடுத்து மறுபடியும் போட்டுக்கொண்டான்.

"எங்க போறீங்க?"

"எங்கியும் போவல. நீ போறதா இருந்தா கூட வரலாம்னுதான்."

சிவசங்கரி கம்ப்ளெய்ண்ட் போனை மேசை மேல் வைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசல்வரை போனவள், படியில் கால் வைக்காமல் நின்றாள்.

"போயி என்னான்னுங்க சொல்லுறது?" என்று கேட்டாள்.

அவள் இறங்கி நடக்க ஆரம்பித்ததும், பின்னாலேயே கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினான்.